பெத்ரோனா வார்த்த வெள்ளிக் காசு

பெத்ரோனா வில்லேகாஸைக் கழுதைமேல் ஏற்றி எங்கள் பேட்டை வழியாக ஊர்வலம் விட்ட அன்று, அவள்மீது காறித் துப்பியவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொன்னால், மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வஹாகா நகரத்தின் கிழக்கோரம், ஹலட்லாகோவில், நாங்கள் தலைமுறையாகத் தோல் பதனிடுகிறவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெத்ரோனாவின் வீடு. எங்கள் ஊறல் தொட்டியின் நாற்றத்துக்கு அவள் குறைசொன்னதில்லை, அவள் உலைப் புகைக்கு நாங்கள் குறைசொன்னதில்லை. அவளுடைய அப்பா கடற்கரைப் பக்கத்துக் கறுப்பர், கோவேறு கழுதை ஓட்டியவர். அம்மா மலைக்காரி, சபோதேக்கு என்ற பழங்குடிப் பெண். அதனால் ஞானஸ்நானத்தின்போது அவள் பெயரைக் கலப்பு ரத்தக்காரர்களுக்கென்று வைத்திருந்த தனிப் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறியவர்கள் வெள்ளிக் கொல்லர் சங்கத்தில் சேர முடியாது. அவளோ பெண் வேறு.

ஆனாலும் நகரத்திலேயே அவளைப்போல வெள்ளி வார்க்க ஆள் கிடையாது. சதுக்கத்துக்குப் பக்கத்தில் தோன் பல்தசார் என்ற ஸ்பானியர் கடை வைத்திருந்தார். நேர்த்திக்கடனுக்கு மாதாவின் காலடியில் கட்டுவார்களே, வெள்ளியில் கண், கால், இதயம், நோயில் விழுந்த மாட்டுக்காக ஒரு குட்டி மாடு, அவையெல்லாம் அந்தக் கடையில்தான் கிடைக்கும். வார்ப்பது பெத்ரோனா. முத்திரை குத்துவது தோன் பல்தசார். இருபத்திரண்டு வருடம் இப்படியே போயிற்று.

"உன் கை வெள்ளிடி பெத்ரோனா, ரத்தம்தான் தகரமாப் போச்சு" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். தினக்கூலி இரண்டு ரியால். சிரிக்காமல் என்ன செய்வாள்?

அம்மை வந்த வருடம் அவள் புருஷன் எவரிஸ்தோ போய்விட்டான். நாலு வயது மகள் ஃபெலிபா பிழைத்தாள், ஆனால் இரண்டு கண்ணும் போயிற்று. பெத்ரோனா மூன்று மாதக் கூலிக்குப் பதிலாக வெள்ளி வாங்கி ஒரு ஜோடிக் கண் வார்த்து, எங்கள் பேட்டை வியாகுல மாதா கோயிலில் கட்டினாள். பார்வை வரவில்லை. கட்டிய கண்ணை அவள் அவிழ்க்கவுமில்லை.

1812 நவம்பர் கடைசியில், ஸ்பானிய ராஜாவை எதிர்த்த புரட்சிக்காரர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். சண்டை ஒரு பகல்கூட நீடிக்கவில்லை. ஸ்பானிய வியாபாரிகள் மடங்களுக்குள் ஒளிந்தார்கள். தோன் பல்தசார் கல்லாவைத் தூக்கிக்கொண்டு குவாத்தமாலா சாலையில் ஓடினார். மறுவாரம் சதுக்கத்தில் அறிவிப்பு வாசித்தார்கள். இனிமேல் இந்தியன் இல்லை, கறுப்பன் இல்லை, கலப்பு இல்லை, எல்லோரும் அமெரிக்கர்கள் என்றார்கள். என் அப்பா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். எதற்கு எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு வேண்டும். ராஜாவின் நாணயசாலை தலைநகரத்தில், எதிரியின் கையில் இருந்தது. வியாபாரிகளின் வீடுகளில் பறித்த வெள்ளிக் கட்டிகள் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தன. அவற்றைக் காசாக்கும் பொறுப்பு ஆலார்கோன் என்ற கஜானா அதிகாரியிடம் வந்தது. பியூப்லா ஊர்க்காரர், சட்டம் படித்தவர், முப்பது வயது இருக்கும். தோன் பல்தசாரின் கடைக்குள் வந்து நின்று கேட்டாராம்:

"இங்க வார்க்கத் தெரிஞ்ச ஆம்பளை யாரு?"

"ஆம்பளைங்க எல்லாம் ஓடிட்டாங்க, எசமான். தெரிஞ்ச பொம்பளை நான் இருக்கேன்" என்றாள் பெத்ரோனா.

அவர் சிரித்தார். அவள் ஒருநாள் அவகாசம் கேட்டாள். ஆற்று மணலைச் சலித்து, வெல்லப்பாகு விட்டுப் பிசைந்து, இரும்புச் சட்டத்தில் அடைத்து, மரத்தில் செதுக்கிய மாதிரியை அழுத்தி எடுத்தாள். மறுநாள் நடுப்பகலில் அவர் மேசைமேல் இருபது காசு கொண்டுபோய் வைத்தாள். ஒரு பக்கம் வில்லும் அம்பும், அடியில் 'தெற்கு' என்று பொருள்படும் மூன்று எழுத்து. மறுபக்கம் எட்டு ரியால், வருடம். ஸ்பானியக் காசுபோல மழமழப்பாக இல்லை, உண்மைதான். மணலின் சொரசொரப்பு அப்படியே தெரிந்தது. ஆனால் எடை மயிரிழை பிசகவில்லை.

ஆலார்கோன் எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் சம்பளப் பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டு, "சாதி?" என்று கேட்டார்.

"அந்தக் கட்டத்தை அடிச்சிருங்க. இனிமே அது கிடையாது. தொழில்னு இருக்குல்ல, அதுல எழுதுங்க, வார்ப்பு மேஸ்திரி."

"இன்னொரு தடவ சொல்லுங்க, எசமான்" என்றாள் பெத்ரோனா.

"வார்ப்பு மேஸ்திரி. அப்புறம், எசமான்னு கூப்பிடாதீங்க. குடிமகன் ஆலார்கோன்."

"சரிங்க, எசமான்."

இதை அவளே எங்களிடம் சொன்னாள், வாசலில் மடக்குக் கத்தியால் நகத்துக் கரியைச் சுரண்டிக்கொண்டு. அவ்வளவு உரக்கச் சிரித்து அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பேட்டையில் எல்லோரும் கொஞ்சம் கேலியாகவும் நிறைய மரியாதையாகவும் மேஸ்திரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

படைக்காரர்கள் எங்களிடம் அறுபது தோல் கேட்டார்கள். புதுக் காசில் விலை தருவதாகச் சொன்னார்கள். அப்பா சுவரோரம் போய் நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா பெத்ரோனா, ராசா தலை இல்லாத காசு ஒரு காசா? நாளைக்கு எவனாவது வாங்குவானா?"

"ராசா தலையைச் சுரண்டிப் பாத்திருக்கீங்களா அண்ணே? அடியில என்ன இருக்கு? வெள்ளி. இதுலயும் அதேதான். நான் ஊத்துனது, என் கண்ணு முன்னால ஊத்துனது. வேற யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் சொல்றேன்."

அப்பா தோலைக் கொடுத்தார். பேட்டையில் பாதிப்பேர் அவள் சொல்லை நம்பித்தான் சரக்குக் கொடுத்தார்கள்.

1813 வசந்தத்தில் புரட்சிக்காரர்களின் பெரும்படை துறைமுகத்தை முற்றுகையிடப் புறப்பட்டுப் போயிற்று. வியாபாரிகளின் வெள்ளி தீர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் ஆலார்கோன் நாலு சிப்பாய்களோடு எங்கள் கோயில் வாசலுக்கு வந்தார். நேர்த்திக்கடன் உருக்களையெல்லாம் கேட்டார். பெண்கள் பீடத்துக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள். பங்குச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாதாவோட பொருள்ல கை வச்சா வெளங்குவியாடா?" என்று ஒரு கிழவி கத்தினாள். சிப்பாய்களே தயங்கினார்கள்.

பெத்ரோனாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மாதாவின் காலடியில் தன் ஜோடிக் கண் தொங்கிய நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இது என் மவளோட கண்ணு. இதை நான் முதல்ல போடுறேன். நம்ம புள்ளைங்க துறைமுகத்துல செருப்பில்லாம சண்ட போடுறாங்க. மாதா கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும். ஒரு குன்றிமணி வெள்ளி வீணாகாது, காசா உங்க கைக்கே திரும்பி வரும். இந்த உருவெல்லாம் வார்த்தவ நான். எனக்கு இல்லாத வலியா?"

ஃபெலிபா அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து அவிழ்த்தார்கள். என் அம்மா அப்பாவின் முழங்காலுக்காகக் கட்டியிருந்த வெள்ளிக் காலைக் கொடுத்தாள். இரண்டு கூடை நிறைந்தது.

அந்த வெள்ளி மூசைக் கிண்ணத்தில் உருகியபோது பெத்ரோனா அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை. அதில் வார்த்த காசில் கலப்படம் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் அதுவும் தீர்ந்தது. ஆலார்கோன் செம்பு மூட்டைகளை அனுப்பினார். மூன்று பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு செம்பு, பிறகு பாதிக்குப் பாதி. மேலே வெளுப்புத் தெரிய எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னார். பெத்ரோனா அந்த வேலையை வீட்டுக் கொல்லையில் வைத்துச் செய்தாள். ஃபெலிபா ஒரு காசைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வேற சத்தம் போடுது" என்றாளாம்.

மறுநாளே பெத்ரோனா ஆலார்கோனிடம் போனாள். அவர் எழுதிக்கொண்டே பேசினார்.

"தெரியும். என்ன செய்யச் சொல்றீங்க? படைக்குச் சம்பளம் இல்லேன்னா படை இல்ல. படை இல்லேன்னா, உங்க பேருக்கு நேரா அந்தக் கட்டம் திரும்ப வந்துரும்."

"நான் பேட்டைக்கு வாக்குக் கொடுத்துட்டேன், ஐயா."

"அப்ப வெளிய சொல்லுங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள இந்தக் காசை எவனும் தொட மாட்டான். நல்ல காசையும் தொட மாட்டான். வாங்கி வச்சிருக்கிறது யாரு? உங்க ஜனம்தான். சொல்லுங்க, போய்ச் சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. வேறெதுவும் அவள் செய்யவில்லை. ஆனால் அது சின்னத் தப்பல்ல, அவளுக்கும் அது தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வாசலில் உட்காரவில்லை. மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டால் காது கேட்காதவள்போலப் போய்விடுவாள்.

1814 மார்ச் கடைசியில் ராஜாவின் படை திரும்பி வந்தது. சண்டையே நடக்கவில்லை. புரட்சிக்காரர்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள். வில்-அம்புக் காசை ஆறு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், பதிலுக்கு ஒன்றும் கிடையாது, வைத்திருந்தால் சிறை என்று சதுக்கத்தில் தண்டோரா போட்டார்கள். அப்பா பையை எடுத்துப் பாயில் கொட்டினார். உரைகல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். முதலில் வாங்கியவை வெள்ளையாகக் கோடிட்டன. பின்னால் வாங்கியவை சிவந்தன.

"நம்ம பெத்ரோனாவா?" என்றார். அதை மட்டும்தான் சொன்னார். அந்த வாரமே படுத்துவிட்டார். அறுபது தோலும் அதற்குப் பின்னால் விற்ற சரக்கும் சேர்ந்து எங்கள் வீட்டின் இரண்டு வருட உழைப்பு.

பெத்ரோனாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணையில் அவளுக்கெதிராக வைத்த ஒரே காகிதம் அந்தச் சம்பளப் பட்டியல்தான். 'வார்ப்பு மேஸ்திரி' என்று தெளிவாக எழுதியிருந்தது. செம்பு கலக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். ஆலார்கோன் என்றாள். ஆலார்கோனைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடவில்லை, ராஜாவின் மன்னிப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு நகரத்திலேயே இருந்தார். நல்ல கறுப்புக் கோட்டுப் போட்டு வந்து நின்றார்.

"நான் கணக்குப் பாத்தவன் மட்டும்தாங்க. உலை இந்தப் பொம்பளை கையில இருந்துச்சு. என்ன கலந்தாளோ, எவ்வளவு எடுத்துக்கிட்டாளோ, எனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்துக்கிட்டேனா?" என்றாள் பெத்ரோனா. "என் மவ கண்ணையே போட்டேன். நான் எடுத்துக்கிட்டேனா?"

எழுத்து மூலமான உத்தரவு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை. ஆலார்கோன் எப்போதும் வாயால்தான் சொல்வார்.

தூக்குத் தண்டனை கொடுக்கவில்லை. அவளால் இன்னும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கழுத்தில் செம்புக் காசுகளைக் கோத்து மாலையாகப் போட்டு, கழுதையில் ஏற்றி எல்லாப் பேட்டைக்கும் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. "கலப்படக்காரி! மாதா வெள்ளியைத் தின்னவ!" என்று முதலில் கத்தியது யாரென்று தெரியவில்லை. எல்லோரும் கத்தினோம். அவள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நான் துப்பினேன். தோளில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, கை கட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "அப்பா எப்படி இருக்காரு, ஹசிந்தோ?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். அப்பா அதற்கு இரண்டு நாள் முன்னால் இறந்திருந்தார்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அவளைக் காவலில் வைத்து, ஊர் முழுக்கப் பிடுங்கிய காசுகளை உருக்க வைத்தார்கள். தான் வார்த்ததையெல்லாம் தானே கட்டியாக்கினாள். தினமும் எடை போட்டு, 'ராஜாவின் சேவைக்காக உருக்கியது' என்று எழுதிய தாளில் அவளைச் சிலுவைக் குறி போட வைத்தார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது.

வெளியே வந்தபோது முடி நரைத்திருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு வருடம் கழித்துத்தான் போனேன். அவள் உட்காரச் சொன்னாள். ஃபெலிபா சாக்லேட் கலந்து கொண்டுவந்தாள்.

"செம்பு கலந்தது நெசம்தான், ஹசிந்தோ. அதுக்குத் துப்புனியா, இல்ல எல்லாரும் துப்புனாங்கன்னு துப்புனியா?"

"எல்லாரும் துப்புனாங்கன்னுதான் அக்கா."

"அப்ப குடி, ஆறிடும்."

1821-இல் சுதந்திரம் வந்தது. எப்படி வந்தது என்றால், ராஜாவின் படைத்தலைவர்களே ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டார்கள், அப்படி வந்தது. எங்கள் ஊரிலும் அதே ஆட்கள் அதே நாற்காலியில் இருந்தார்கள், கொடி மட்டும் மாறியது. சங்கக் கட்டுப்பாடும் ரத்தப் புத்தகமும் சட்டப்படி ஒழிந்தன. பெத்ரோனா தனக்கென்று ஒரு முத்திரை வெட்டிக்கொண்டாள், வாசலில் பலகை மாட்டினாள். அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தாளோ. பேட்டையில் ஒருவரும் அவளிடம் வெள்ளி கொண்டுவரவில்லை. கோயில் பீடத்தில் மறுபடி வெள்ளிக் கால்களும் கண்களும் தொங்கின. எல்லாம் சதுக்கத்துக் கடையில் வாங்கியவை. அவள் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தாள்.

நாலைந்து வருடம் கழித்து, போரில் உழைத்தவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு குழு அமைத்தார்கள். நான்தான் அவளை மனுப் போடச் சொன்னேன். "உங்களுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுப்பாங்க? நான் சாட்சி சொல்றேன் அக்கா" என்றேன். அவளுக்கு விருப்பமில்லை. நான்தான் விடாமல் வற்புறுத்தினேன்.

போன அன்று பார்த்தால், குழுவின் தலைவர் ஆலார்கோன். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தார். மார்பில் பட்டுப் பட்டை. அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுத்தர் ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்து வைத்தார். நாற்பது தாள், நாற்பது சிலுவைக் குறி.

"தேசத்தோட முதல் காசை உருக்கி எதிரிக்குக் கொடுத்தவங்களுக்குத் தேசம் எப்படிம்மா உதவித்தொகை கொடுக்கும்?"

"கழுத்துல கத்தி வச்சு உருக்கச் சொன்னாங்க. வார்த்ததும் நான்தானே, ஐயா. உங்க மேசையில கொண்டுவந்து வச்சேனே."

"அதுக்குச் சாட்சி உண்டா?"

நான் எழுந்து நின்றேன். ஆலார்கோன் என்னைப் பார்த்து நல்லபடியாகச் சிரித்தார்.

"தோல்காரர் ஹசிந்தோதானே? படைப்பிரிவுக்கு எண்ணூறு ஜோடி பூட்ஸ்னு ஒரு மனு வந்திருக்கு. நேத்துத்தான் பாத்தேன். அனேகமா முடிஞ்சிரும். சொல்லுங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்கு மூன்று பிள்ளைகள். தொட்டிகள் காய்ந்து கிடந்தன. இதெல்லாம் இப்போது சொல்கிற காரணம். அப்போது எதையும் யோசித்த ஞாபகம் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"அப்ப நான் சின்ன வயசுங்க, ஐயா. எதுவும் சரியா ஞாபகம் இல்ல."

அவள் காசு வார்த்த வருடம் எனக்கு இருபத்திமூன்று வயது. பெத்ரோனா திரும்பிப் பார்க்கவில்லை. சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சந்தைமுக்கில் அவள் நடையைத் தளர்த்திக் கேட்டாள்.

"எத்தன ஜோடின்னாரு?"

"எண்ணூறு, அக்கா."

"தோல் நல்லதாப் போடு. அடியில அட்டை வச்சுத் தைக்கச் சொல்வாங்க, அந்த ஆளு சொல்வாரு. செய்யாத." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "இனிமே என் வீட்டுக்கு வராத, ஹசிந்தோ. கோவம் ஒண்ணும் இல்ல. முடியல, அவ்வளவுதான்."

நான் போகவில்லை. மூன்று வருடம் கழித்து மழைக்காலக் காய்ச்சலில் அவள் இறந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தோம். பங்குச்சாமி அவசரமாக ஜெபித்துவிட்டுப் போனார். ஃபெலிபாவைக் கடற்கரைப் பக்கத்து உறவினர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

பூட்ஸ் விஷயத்தில் பெத்ரோனா சொன்னபடியேதான் நடந்தது. அட்டை வைக்கச் சொன்னார்கள். முதல் வருடம் மாட்டேன் என்றேன். இரண்டாம் வருடம் வைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் ரசீதில் கையெழுத்து வாங்க ஆலார்கோனின் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைநகரத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வெல்வெட் விரித்த பெட்டியில் ஒரு வில்-அம்புக் காசை வைத்து அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் வார்ப்பு. விளிம்பு தேய்ந்தும் சிவக்கவில்லை.

"உலையில நின்னு நானே ஊத்துனேன். கையெல்லாம் வெந்துபோச்சு. இல்லையா ஹசிந்தோ? நீங்க அந்தக் காலத்து ஆள், சொல்லுங்க."

"ஆமாங்க, ஐயா" என்றேன்.

அவர் ரசீதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மை காய்கிறவரை நின்றுவிட்டு வந்தேன்.